யார் பார்க்கலாம்? இளையோரும் சமூக வலைத்தளத் தனியுரிமையும்

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தரங்கம் என்று ஒன்றே கிடையாது, எல்லாவற்றையும் படம் எடுத்து உலகத்துக்கே காட்டுகிறார்கள்" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அதே பிள்ளையின் போனை ஒரு நிமிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள், என்ன ரகளை நடக்கிறதென்று! போனுக்கு ஒரு பூட்டு, அதற்குள் சாட்டுக்குத் தனிப் பூட்டு, அம்மா அறைக்குள் வந்தால் சட்டென்று அணையும் திரை. தனியுரிமையைப் பற்றி அக்கறையே இல்லாதவர் இவ்வளவு பாடுபட மாட்டார். இளையவர்களுக்கு அந்த அக்கறை நிறையவே உண்டு. யாரிடமிருந்து காத்துக்கொள்கிறார்கள், யாரைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் தனியுரிமை என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். 1890இல் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்ற இரு அமெரிக்க வழக்கறிஞர்கள் ஹார்வர்டு சட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நொடியில் படம் பிடிக்கும் கேமராக்களும் கிசுகிசு எழுதும் பத்திரிகைகளும் பெருகிவந்த காலம் அது. ஒருவரை அவர் பாட்டுக்கு நிம்மதியாக இருக்க விடுவதே ஓர் உரிமை என்று அவர்கள் வாதிட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. இன்ஸ்டாகிராமில் கணக்கு வைத்திருக்கும் பதினேழு வயதுக்காரருக்கு அது போதாது. அவரை யாரும் துரத்திப் படம் எடுக்கவில்லை, அவரேதான் படத்தைப் போடுகிறார். அப்படியானால் 'நீயாகத்தானே போட்டாய், இப்போது என்ன தனியுரிமை வேண்டிக்கிடக்கிறது' என்று கேட்டுவிடலாமா?

கேட்க முடியாது என்பதற்கு நல்ல விளக்கம் தந்தவர் தகவல் அறிவியல் பேராசிரியர் ஹெலன் நிசன்பாம். ஒரு தகவல் எந்தச் சூழலில், எந்த எதிர்பார்ப்போடு சொல்லப்பட்டதோ, அந்த எதிர்பார்ப்புக்கு உட்பட்டு அது நகர்ந்தால் தனியுரிமை காக்கப்படுகிறது; அதை மீறி நகர்ந்தால் தனியுரிமை உடைகிறது. 2004இல் அவர் முன்வைத்த கருத்தின் சாரம் இவ்வளவுதான். உடம்புக்கு என்ன என்று மருத்துவரிடம் சொல்கிறோம். அவர் இன்னொரு நிபுணரிடம் கலந்து பேசினால் நமக்கு வருத்தமில்லை. அதே தகவல் நாம் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குப் போனால் கொதித்துப் போவோம். தகவல் ஒன்றுதான், போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.

இதற்கு 2006இல் ஃபேஸ்புக்கில் நடந்ததை விடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. அப்போது அந்தத் தளத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். நண்பர் என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டுமானால் அவருடைய பக்கத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில் நியூஸ் ஃபீட் வந்தது. யார் யாரோடு காதலை முறித்துக்கொண்டார், யார் எந்தக் குழுவில் சேர்ந்தார் என்பதெல்லாம் நண்பர்கள் எல்லோருடைய முகப்புப் பக்கத்திலும் தானாக வந்து விழுந்தது. புதிதாக ஒரு தகவலும் வெளியே விடப்படவில்லை, ஏற்கெனவே பார்க்க முடிந்ததுதான். ஆனாலும் எதிர்ப்புக் குழுக்களில் சில நாட்களுக்குள் லட்சக்கணக்கானோர் சேர்ந்துவிட்டார்கள். 'அமைதியாக இருங்கள், மூச்சு விடுங்கள்' என்கிற தொனியில் முதலில் பதில் எழுதிய மார்க் சக்கர்பெர்க், ஓரிரு நாளில் மன்னிப்புக் கேட்டு, கூடுதல் கட்டுப்பாடுகளைச் சேர்த்துத் தர வேண்டியதாயிற்று. தேடி வந்து பார்ப்பதும், தேடாதவர் கண்ணிலும் கொண்டுபோய்க் காட்டுவதும் ஒன்றல்ல என்று அந்த மாணவர்களுக்கு எந்தக் கோட்பாடும் படிக்காமலே புரிந்திருந்தது. (அந்த நியூஸ் ஃபீடுதான் இன்று பல தளங்களுக்கும் அடிப்படை. கோபம் ஆறிப் பழகிவிட்டோம் என்பது தனிக்கதை.)

இனி இளையவர்களின் அன்றாடச் சிக்கலுக்கு வருவோம். நேரில் நாம் ஆளுக்கு ஏற்றபடி பேசுகிறோம். தாத்தாவிடம் ஒரு மாதிரி, வகுப்புத் தோழியிடம் ஒரு மாதிரி, ஆசிரியரிடம் இன்னொரு மாதிரி. இது வேஷம் அல்ல, எல்லா மனிதரும் செய்வது. சமூக வலைத்தளமோ இவர்கள் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, நம்மை ஒரே ஒரு வாக்கியம் பேசச் சொல்கிறது. தோழிக்குச் சிரிப்பு வரும் கிண்டல் சித்தப்பாவுக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஆய்வாளர்கள் இதைச் சூழல் சரிவு என்று குறிப்பிடுகிறார்கள். பெரியவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டுதான். ஆனால் தான் யார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கும் வயதில், ஒவ்வொரு வாரமும் ஒரு புது ஆளாக மாறிப் பார்க்கும் வயதில், அது பல மடங்கு அழுத்தும்.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்திருக்கும் வழிகளைப் பார்த்தால் உண்மையிலேயே வியப்பாக இருக்கிறது. அமெரிக்கப் பதின்வயதினரிடம் பல ஆண்டுகள் பேசி ஆராய்ந்த டானா பாய்ட் சில சம்பவங்களைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு பெண்ணுக்குக் காதல் முறிந்த நேரம். மனம் உடைந்திருக்கிறது, நண்பர்களிடம் சொல்ல வேண்டும், அதே தளத்தில் இருக்கும் அம்மா பதறிவிடவும் கூடாது. உற்சாகமாகத் தொனிக்கும் ஒரு திரைப்படப் பாட்டு வரியைப் பதிவிட்டாள். மகள் மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்று அம்மா எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தைச் சேர்ந்து பார்த்திருந்த தோழிகளுக்கோ, சாகப்போகும் நேரத்தில் பாடப்படும் பாட்டு அது என்று தெரியும். உடனே என்ன ஆயிற்று என்று விசாரித்துச் செய்தி அனுப்பினார்கள். இன்னொரு பெண் தளத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொரு முறையும் தன் கணக்கையே முடக்கிவிடுவாள், திரும்ப வரும்போது உயிர்ப்பித்துக்கொள்வாள். பெரியவர்கள் பகலில் வந்து தேடினால் அப்படி ஒருத்தி அங்கே இருக்கவே மாட்டாள். நெருங்கிய வட்டத்துக்கு மட்டும் இரண்டாவது கணக்கு வைத்துக்கொள்வதும், ஸ்டோரியைக் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் காட்டுவதும் இன்று எல்லோருக்கும் தெரிந்த உத்திகள்.

இந்த உத்திகளை எல்லாம் கூர்ந்து கவனித்தால் ஒன்று புரியும். இவை அத்தனையும் தெரிந்த மனிதர்களின் கண்ணிலிருந்து தப்பிக்கச் செய்தவை: அப்பா, அம்மா, ஆசிரியர், பழைய காதலன், பொறாமைப்படும் தோழன். எத்தனை பூட்டுப் போட்டாலும், எத்தனை ரகசிய மொழியில் எழுதினாலும், தளத்தை நடத்தும் நிறுவனம் மட்டும் எப்போதும் உள்ளேயே இருக்கிறது. கணக்கை 'பிரைவேட்' ஆக்கினால் அந்நியருக்குத் தெரியாது. நிறுவனத்துக்குத் தெரியும். எந்த வீடியோவில் எத்தனை நொடி நின்றீர்கள், எதைத் தட்டித் தள்ளினீர்கள், எந்நேரம் வரை விழித்திருந்தீர்கள் என்பதெல்லாம் அதன் கணக்கில் ஏறும். இந்தத் தளங்களில் பெரும்பாலானவற்றின் வருமானம் விளம்பரத்தில் வருகிறது. யாருக்கு எதைக் காட்டினால் பலிக்கும் என்று தெரிய, நம்மைப் பற்றித் தெரிந்தாக வேண்டும்.

'அதனால் என்ன, நான் ஒன்றும் முக்கியமாக எழுதுவதில்லையே' என்று தோன்றும். எழுதவே வேண்டாம் என்பதுதான் இதில் நுட்பம். 2013இல் மிஹால் கொசின்ஸ்கியும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய சக ஆய்வாளர்களும், தாமாக முன்வந்த 58,000க்கும் அதிகமானோரின் ஃபேஸ்புக் லைக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெறும் லைக்குகளை வைத்தே, ஓர் ஆண் தன்பாலின ஈர்ப்பு உள்ளவரா இல்லையா என்பதை 88 சதவீதமும், அமெரிக்காவில் எந்தக் கட்சியை ஆதரிப்பவர் என்பதை 85 சதவீதமும் சரியாகப் பிரித்தறிய முடிந்தது. தன்பாலின ஈர்ப்பு பற்றி வெளிப்படையாகப் பேசும் பக்கங்களை அவர்களில் மிகச் சிலரே லைக் செய்திருந்தார்கள். துப்பு மற்றவற்றிலிருந்து வந்தது. சுருள் சுருளாகப் பொரித்த உருளைக்கிழங்குப் பக்கத்தை லைக் செய்வதற்கும் உயர்ந்த அறிவுத்திறனுக்கும் தொடர்பு இருப்பதாகக்கூட அந்த ஆய்வில் தெரிந்தது. உருளைக்கிழங்கு தின்றால் அறிவு வளரும் என்று பொருளல்ல! தொடர்பே இல்லாதது போல் தெரியும் துணுக்குகள் நிறையச் சேர்ந்தால், நாம் யாரிடமும் சொல்லாததையும் ஊகித்துவிடலாம் என்பதுதான் பொருள். சொல்லாமல் விடுவது மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது என்று நான் நினைப்பதற்கு இந்த ஆய்வு முக்கியக் காரணம்.

அடுத்தது, தனியுரிமை தனி ஒருவருடைய விஷயமே அல்ல என்பது. 2018இல் வெளியே வந்த, கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தில், ஃபேஸ்புக்கில் ஆளுமைச் சோதனை நடத்திய ஒரு ஆப்பைப் பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழ 2,70,000 பேர்தான். அன்றைய விதிப்படி அந்த ஆப் அவர்களுடைய நண்பர்களின் தகவலையும் எடுக்க முடிந்தது. கடைசியில் 8 கோடியே 70 லட்சம் பேரின் தகவல் வரை அந்த நிறுவனத்துக்குப் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சோதனையும் எழுதவில்லை, எதற்கும் 'சரி' என்று தட்டவில்லை. நண்பர் தட்டினார், இவர் தகவல் போயிற்று. அடுத்த ஆண்டு, நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. தொகை பெரிது, ஆனால் போன தகவலைத் திரும்பப் பெற அபராதத்தால் முடியாது.

நண்பர் வழியாகத் தகவல் போன அந்த வாசல் இன்று பெரும்பாலும் அடைபட்டுவிட்டது, வேறு வாசல்கள் திறந்தே இருக்கின்றன. 'உங்கள் நண்பர்களைக் கண்டுபிடிக்க' என்று கேட்டு ஓர் ஆப் போனிலுள்ள தொடர்புப் பட்டியலை வாங்கிக்கொள்கிறது. அந்தத் தளத்தில் கணக்கே இல்லாதவரின் எண்ணும் அதோடு சேர்ந்து போகிறது. குழுவாக எடுத்த படத்தில் ஒருவர் மற்ற நால்வரையும் டேக் செய்கிறார். 'உன்னைப் போடட்டுமா' என்று கேட்கும் வழக்கம் இளையவர்களின் சில வட்டங்களில் இருக்கிறது. பெரியவர்களிடம் அது அபூர்வம்.

பெற்றோர் தங்கள் பிள்ளையைப் பற்றிப் போடுவதும் இதில் சேர்த்திதான். ஒரு குழந்தை பதின்வயதுக்கு வந்து முதல் கணக்கைத் திறப்பதற்குள், அதன் பெயர், பிறந்த தேதி, குளியல் படம், உடம்பு சரியில்லாமல் போன கதை எல்லாம் இணையத்தில் ஏறியிருக்கும். அதன் சம்மதம் யாரும் கேட்கவில்லை. பிரான்ஸ் 2024இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்து, குழந்தையின் படங்கள் தொடர்பான அந்தரங்க உரிமையைக் காப்பதும் பெற்றோரின் கடமைகளில் ஒன்று என்றது. பிள்ளையின் போனைச் சோதிக்கத் துடிக்கும் பெற்றோர், முதலில் தங்கள் சொந்தப் பக்கத்தைப் பத்து ஆண்டு பின்னோக்கித் தள்ளிப் பார்ப்பது நல்லது.

மறையும் செய்திகள் பற்றியும் சொல்ல வேண்டும். பார்த்ததும் அழியும் படங்கள் என்பதை வைத்தே புகழ்பெற்றது ஸ்நாப்சாட். அந்த வாக்குறுதி நடைமுறைக்கு ஒத்துவரவில்லை, படங்களை எளிதாகச் சேமிக்க வழிகள் இருந்தன என்று ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம்சாட்டி, 2014இல் அந்த நிறுவனத்தோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்தது. தொழில்நுட்பம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் ஸ்கிரீன்ஷாட் என்று ஒன்று இருக்கிறது, பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் படம் எடுப்பதும் இருக்கிறது. மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்த சாட்டுக்கும் இது பொருந்தும். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது, சரி. போய்ச் சேர்ந்த முனையில் இருப்பவர் நல்லவர் என்பதற்கு எந்த மறையாக்கமும் உத்தரவாதம் தராது.

பல தளங்கள் 13 வயது என்று கேட்கின்றனவே, அந்த எண் எங்கிருந்து வந்தது? அந்த வயதில் பக்குவம் வந்துவிடுகிறது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1998இல் அமெரிக்காவில் நிறைவேறி 2000இல் நடைமுறைக்கு வந்த குழந்தைகள் இணையத் தனியுரிமைச் சட்டம், 13 வயதுக்குக் குறைந்தவர்களிடம் தகவல் திரட்டப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றது. ஒப்புதல் வாங்குகிற பாட்டைவிட அந்த வயதினரைச் சேர்க்காமல் இருப்பது நிறுவனங்களுக்குச் சுலபமாகப் பட்டது. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் 16 என்று வைத்து, நாடுகள் விரும்பினால் 13 வரை குறைத்துக்கொள்ளலாம் என்றன. ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போய், 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் முக்கியத் தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாதபடி செய்திருக்கிறது. இந்தத் தடைகளைப் பற்றி எனக்கு முழு உற்சாகம் இல்லை. வயதை உறுதிசெய்ய அடையாள அட்டையையோ முகத்தையோ காட்டச் சொன்னால், தனியுரிமையைக் காப்பதற்காக இன்னும் கொஞ்சம் தனியுரிமையைக் கொடுத்தாக வேண்டும். மறுபக்கம், நிறுவனங்கள் தாமாகவே திருந்தும் என்று இருபது ஆண்டுகள் காத்திருந்ததிலும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

வயது விஷயத்தில் பலர் யோசிக்காத ஒன்று உண்டு. பதின்வயதினர் கணக்குகளுக்கென்று சில தளங்கள் கூடுதல் காப்பு வைத்திருக்கின்றன. டிக்டாக் 2021 ஜனவரியில் 13 முதல் 15 வயது வரையிலான கணக்குகளைத் தானாகவே பிரைவேட் ஆக்கியது. இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில், முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தும் டீன் அக்கவுன்ட் முறையைக் கொண்டுவந்தது. இவையெல்லாம் பதிவு செய்த பிறந்த தேதியைப் பெரிதும் நம்பியே இயங்குபவை. பத்து வயதில் 'எனக்குப் பதினெட்டு' என்று பொய் சொல்லி உள்ளே போன பிள்ளை, பதின்மூன்றாவது வயதில் தளத்தின் கணக்குப்படி இருபத்தொரு வயதுப் பெரியவர். அந்தக் காப்பு எதுவும் கிடைக்காமல் போகலாம். பல வீடுகளில் அந்தப் பொய்த் தேதியைத் தட்டிக் கொடுத்ததே பெற்றோர்தான்.

சரி, என்ன செய்யலாம்? செட்டிங்ஸை ஒவ்வொன்றாக விளக்கினால் அடுத்த அப்டேட்டில் எல்லாம் இடம் மாறியிருக்கும். அதனால் எங்கே பார்ப்பது என்பதை மட்டும் சொல்கிறேன். பதிவை யார் பார்க்கலாம், யார் செய்தி அனுப்பலாம், யார் டேக் செய்யலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் எல்லாத் தளங்களிலும் எங்காவது ஓரிடம் இருக்கும். போனின் செட்டிங்ஸில், எந்தெந்த ஆப் இருப்பிடத்தையும் தொடர்புப் பட்டியலையும் மைக்கையும் கேட்டு வாங்கியிருக்கிறது என்று பார்த்து, வேண்டாததைப் பறித்துவிடுங்கள். படத்தின் பின்னணியைப் பாருங்கள்: சீருடையின் பெயர், தெருப் பலகை, தேர்வு நுழைவுச்சீட்டின் எண். வெளியூரில் இருப்பதைத் திரும்பி வந்த பிறகும் பதிவிடலாம், லைக் குறைந்துவிடாது. 'உன் முதல் செல்லப் பிராணியின் பெயர் என்ன, அதை வைத்து உன் ராஜ வம்சப் பெயரைச் சொல்கிறேன்' என்ற வகை விளையாட்டுகளை விட்டுவிடுங்கள். பாஸ்வேர்டை மறந்தவரிடம் சில இடங்களில் கேட்கப்படும் பாதுகாப்புக் கேள்விகளும் இவையேதான். பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். அன்பின் அடையாளமாகக் காதலர்கள் பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்வது பழக்கமாகிவிட்டது. முறிவு வந்த அன்று முதல் வேலையாக அதை மாற்ற வேண்டும்.

இவற்றையெல்லாம் விட நான் அதிகம் பரிந்துரைப்பது வேறொன்று. பெரிய தளங்கள் பலவற்றிலும் 'உங்கள் தகவலைப் பதிவிறக்குக' என்று ஒரு வசதி இருக்கிறது. கேட்டால் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ ஒரு கோப்பு வரும். தேடிய சொற்கள், கணக்கைத் திறந்த நேரங்கள், விளம்பரத்துக்காக நம்மை வகைப்படுத்திய தலைப்புகள் என்று நிறைய இருக்கும். வீட்டில் பெரியவரும் சிறியவரும் ஆளுக்கு ஒரு கோப்பை இறக்கி, அவரவர் கோப்பை அவரவர் மட்டும் படித்தாலே போதும். பத்து அறிவுரை செய்யாத வேலையை அது செய்யும்.

கடைசியாக, நிலைமை கைமீறிப் போனால். அந்தரங்கப் படத்தை வைத்துக்கொண்டு ஒருவர் மிரட்டினால் பணம் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் மிரட்டல் பெரும்பாலும் நிற்பதில்லை, தொகைதான் ஏறும். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, அந்தக் கணக்கைத் தளத்தில் புகார் செய்து, பிளாக் செய்து, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும். கேட்கும் பெரியவர் 'ஏன் அனுப்பினாய்' என்ற கேள்வியை அன்றைக்காவது விழுங்கிவிட வேண்டும், ஏனென்றால் மிரட்டுகிறவர் நம்பியிருப்பதே அந்தக் கேள்வியைத்தான். 18 வயதுக்குள் எடுத்த படமாக இருந்தால் டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது. காணாமல் போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் அதை 2023இல் தொடங்கியது. பெயர் சொல்லத் தேவையில்லை. படமும் போனை விட்டு வெளியே போகாது. படத்திலிருந்து கணக்கிட்ட ஒரு டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும், சேர்ந்துள்ள தளங்கள் அந்தக் கைரேகைக்குப் பொருந்தும் படங்களைத் தேடி நீக்கும். 18 வயதைத் தாண்டியபின் எடுத்த படங்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ (StopNCII) என்ற சேவை இதேபோல் இயங்குகிறது. இந்தத் திட்டங்களில் சேராத தளங்களிலும், மறையாக்கம் செய்த தனிச் சாட்டுகளிலும் இவற்றால் எதுவும் செய்ய முடியாது. ஆகவே அந்தந்தத் தளத்திலும் காவல்துறையிலும் தனியாகப் புகார் கொடுக்க வேண்டியிருக்கும்.